கொலிச் வேறு, கம்பஸ் வேறு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பமாகப் பி.ஆரில் (நிரந்தர வதிவிட உரிமையோடு) கனடாவுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. மகன் கிரேட் 11. மெக்கானிக்கல் எஞ்சினியரிங் டிகிரி செய்ய ஆசைப்படுகிறான். ரொறன்ரோ ஸ்காபரோவில் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கொலிச்சில் விடலாமா, இல்லை தூர எங்கேயாவது அனுப்ப வேண்டுமா?

அந்தச் சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. ஊரில் எங்களுக்குக் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம், ஏ.எல். பரீட்சை எழுதி எடுபட்டால் கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம். தமிழ்நாட்டு நண்பர்கள் பி.இ. படித்த இடத்தைக் காலேஜ் என்பார்கள். இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் கொலிச் என்பது பெரும்பாலும் இரண்டு, மூன்று வருட டிப்ளோமா கொடுக்கிற இடம். டிகிரிக்கு யூனிவர்சிற்றி. கொலிச்சின் டிப்ளோமாவுக்கு 'மெக்கானிக்கல் எஞ்சினியரிங் டெக்னோலஜி' என்று பலகையில் போட்டிருக்கும். முதல் இரண்டு சொல்லையும் வாசித்துவிட்டு மூன்றாவதைக் கவனிக்காமல் போய்விடுவோம்.

கவனிக்காமல் போனவன் நான். இருபது வயதில் வந்த என்னை அத்தான் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கொலிச் ஒன்றில் சேர்த்துவிட்டார். மூன்று வருடம். படிப்பைக் குறை சொல்ல மாட்டேன். லேத்திலும் மில்லிங் மெஷினிலும் கை பழகியது அங்கேதான், வேலையும் உடனே கிடைத்தது. சில வருடம் கழித்து, தொழிற்சாலை ஒன்றில் பாரம் தூக்குவதற்கான இரும்பு உத்தரம் ஒன்றுக்கு நானே கணக்குப் போட்டு, நானே வரைந்தேன். வரைபடத்தின் வலது மூலையில் உரிமம் உள்ள பொறியியலாளரின் முத்திரை விழவேண்டும். அதைக் குத்தியவர் என்னைவிட ஐந்து வயது இளையவர், பி.எங். (P.Eng.) என்ற அந்த உரிமம் உள்ளவர். கணக்கைப் பொறுமையாகப் பார்த்தார், ஓர் இடத்தில் வெல்டின் அளவைக் கூட்டச் சொன்னார், குத்தினார். அவர் செய்தது சரி, சட்டம் அப்படி. எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை.

பிறகு தண்டர் பேயில் உள்ள லேக்ஹெட் யூனிவர்சிற்றிக்குப் போனேன். டெக்னோலஜி டிப்ளோமாக்காரரை எடுத்து, கோடையில் கணிதமும் மற்றதும் படிப்பித்து, நேரே மூன்றாம் வருடத்தில் சேர்க்கிற வழி அங்கே உண்டு. மனைவியையும் கைக்குழந்தையையும் இங்கே விட்டுவிட்டு, பஸ்ஸில் ஏறினால் ஏறக்குறைய ஒரு நாள் போகிற ஊரில் போய் இருந்தேன். அந்தக் குளிரைப் பற்றி இன்னொரு நாள் சொல்கிறேன்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். எந்த இடமானாலும் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் படிப்புக்கு சீ.ஈ.ஏ.பி. அங்கீகாரம் இருக்கிறதா என்பது. கனடா முழுக்கப் பொறியியல் பட்டங்களைச் சரிபார்க்கிற சபை அது. அங்கீகாரம் உள்ள பட்டம் இருந்தால் உரிமம் எடுப்பது லேசு. இல்லாவிட்டால் மேலதிகப் பரீட்சைகள் எழுதவேண்டி வரலாம். பெயரை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. கிச்சனர் பக்கம் இருக்கும் கொனெஸ்டோகா கொலிச்சின் மெக்கானிக்கல் சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டு. மக்மாஸ்ரர் பெரிய யூனிவர்சிற்றி, ஆனால் அங்கே கொடுக்கிற பி.டெக்குக்கு இல்லை, பி.எஞ். (B.Eng.) பட்டப் படிப்புக்குத்தான் உண்டு. 'எஞ்சினியர்ஸ் கனடா' தளத்தில் பட்டியல் இருக்கிறது, அவனையே தேடச் சொல்லுங்கள்.

அங்கீகாரம் இருந்தால் பாடங்கள் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தெர்மோடைனமிக்ஸ் ரொறன்ரோவிலும் வின்சரிலும் அதேதான். வித்தியாசம் கோ-ஒப்பில், அதாவது படிப்புக்கு இடையே வேலைக்குப் போகிற முறையில் இருக்கிறது. வோட்டர்லூ யூனிவர்சிற்றியில் அது கட்டாயம்: நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் சம்பளத்தோடு வேலை என்று மாறி மாறி வரும். சிலருக்கு முதல் நான்கு மாதம் முடிந்ததுமே வேலை; அதாவது வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே இன்ரவியூ. என் மருமகன் அங்கே படித்தான். நான்கு மாதத்துக்கு ஒருமுறை மெத்தையையும் ரைஸ் குக்கரையும் வான் வண்டியில் ஏற்றி இறக்கி என் முதுகு போனதுதான் மிச்சம். வாய்ப் பேச்சு உள்ள பிள்ளைக்கு அது பொன்னான இடம். வந்து ஒரு வருடமேயான, ஆங்கிலத்துக்கு இன்னும் கூச்சப்படுகிற பெடியனுக்கு முதல் வருடம் கொஞ்சம் முரட்டு வருடமாக இருக்கும். ரொறன்ரோ யூனிவர்சிற்றியில் பிந்திய வருடங்களில் ஒரேயடியாகப் பன்னிரண்டு முதல் பதினாறு மாதம் வேலைக்குப் போகலாம். மக்மாஸ்ரரில் முதல் வருடம் எல்லோருக்கும் பொது, துறை இரண்டாம் வருடத்தில்தான். புள்ளி குறைந்தால் மெக்கானிக்கல் கைநழுவும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: ரொறன்ரோ யூனிவர்சிற்றிக்கு ஸ்காபரோவில் வளாகம் இருக்கிறது, ஆனால் இளநிலைப் பொறியியல் அங்கே இல்லை; நகர நடுவில் உள்ள சென் ஜோர்ஜ் வளாகத்தில்தான்.

காசு இறுக்கம் என்றால் வீட்டிலிருந்து போய்வரக்கூடியதையே நான் முதலில் பார்ப்பேன். முன்பு ரயர்சன் என்று இருந்த ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் யூனிவர்சிற்றி நகர நடுவில், சப்வேக்கு அருகே. ஒஷாவாவில் ஒன்ராறியோ டெக் யூனிவர்சிற்றி. மழை, பனி, வெயில் எல்லாம் வரவழைத்துக் காரைச் சோதிக்கிற காற்றுச் சுரங்கம் அங்கே உண்டு. காரில் பைத்தியமான பெடியன் என்றால் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இதெல்லாம் அடுத்த வருடத்துக் கதை. இப்போதைக்கு அவனுடைய பாட அட்டவணையை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கோட் இருக்கும், பௌதிகவியலுக்கு எஸ்.பி.எச்.3யூ என்பதுபோல. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் இவற்றில் அந்தக் கடைசி எழுத்து யூவாக இருக்க வேண்டும், அதுதான் யூனிவர்சிற்றிக்குப் போகிறவர்களுக்கான பாடம். சீ என்றால் அது கொலிச்சுக்குப் போகிறவர்களுக்கான பாடம். கணிதத்தில் எம்.சி.எப்.3எம் என்று இருந்தாலும் உடனே மாற்றச் சொல்லுங்கள். அதை வைத்துக் கிரேட் 12இல் எம்.எச்.எப்.4யூ என்ற உயர் கணிதப் பாடத்தை எடுக்க முடியாது, அது இல்லாமல் பொறியியல் இல்லை. புதிதாக வந்த பிள்ளைகளை ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டு இலகுவான பாடங்களில் போட்டுவிடுவது நடக்கிற விஷயம். கைடன்ஸ் கவுன்சிலரிடம் நீங்களும் கூடவே போங்கள். கதைக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் வருகிறேன்.