சித்திரையிலும் பாட அட்டவணை வேண்டுமா?

கேள்வி: மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். போன ஜூனிலிருந்து 9 வயது மகளையும் 6 வயது மகனையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். தை மாதம் வரை அட்டவணைப்படி ஒழுங்காகப் போனது. பங்குனி பிறந்ததும் எல்லாம் குலைந்துவிட்டது. காலையில் வேப்பமரத்தடிக்குப் போனால் வெயில் ஏறும்வரை உள்ளே வருவதில்லை. அடுத்து வருஷப்பிறப்பு, சித்திரைத் திருவிழா, அதோடு நாத்தனார் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். மகள் ஒரே தெனாலிராமன் கதைப் புத்தகத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறாள். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ரெண்டு மாசம் லீவு, இதுகளுக்கு வருஷம் பூரா லீவு" என்கிறார் மாமியார். விடாமல் பாடம் நடத்துவதா, விட்டுவிடுவதா? என்னென்ன படிக்கக் கொடுக்கலாம்?
– ஒரு வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: அட்டவணையை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள், தோழி. வைகாசி பிறக்கும்வரை அதைத் தொட வேண்டாம். தினமும் ஒரே ஒரு நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் வாய்விட்டுப் படிப்பது. மற்றதைப் பருவமும் திருவிழாவும் உங்கள் மாமியாரும் பார்த்துக்கொள்வார்கள். மாமியாரை ஏன் சேர்க்கிறேன் என்று பிறகு சொல்கிறேன்.

பிள்ளைகள் வேப்பமரத்தடியை விட்டு வரவில்லை என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ராத்திரியே மரத்தடியைக் கூட்டி, பழைய வேட்டி ஒன்றை விரித்து வையுங்கள். விடியும்போது அதில் பூ உதிர்ந்து கிடக்கும். ஒரு பூவை உள்ளங்கையில் வைத்து லென்ஸ் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையாக ஐந்து இதழ் இருக்கும், நடுவில் சின்னக் குழாய் ஒன்று நிற்கும். அந்தக் குழாய், மகரந்தத் தாள்கள் ஒன்றாக ஒட்டியதால் உண்டானது. மகளை வரையச் சொல்லுங்கள். மகன் பொறுக்கட்டும். பூவைக் காயவைக்கும் முன்பு ஒரு தடவை நிறுத்து எழுதுங்கள், மொறுமொறுவென்று காய்ந்த பிறகு இன்னொரு தடவை. எடை எங்கே போனது என்று அவர்களே கேட்பார்கள். கேட்கும்வரை நீங்கள் வாய் திறக்க வேண்டாம். காய்ந்த பூவைச் சலித்துக் காம்பு நீக்கி டப்பாவில் போட்டுவைத்தால் வருஷப்பிறப்புப் பச்சடிக்கும் ஆகும், மழைக்காலத்து ரசத்துக்கும் ஆகும்.

அதே மரத்தில் குயில் வரும். கூவுவது ஆண், உடம்பு முழுக்கக் கறுப்பு. பெண் பழுப்பு நிறம், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. பல பிள்ளைகள் பெண் குயிலைப் பார்த்தும் குயில் என்று தெரியாமலே வளர்ந்துவிடுகிறார்கள். காகம் குயிலைத் துரத்துவதை இந்த மாதங்களில் நன்றாகப் பார்க்கலாம். குயில் கூடு கட்டாது, பெரும்பாலும் காகத்தின் கூட்டில்தான் முட்டையிடும். துரத்தலைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு இந்தச் செய்தியை ஒரு தடவை சொன்னால் போதும்.

இப்போது மாமியார். வருஷப்பிறப்பன்று பஞ்சாங்கம் படிக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அன்றைக்கு ஆசிரியர் அவர்தான். மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்ந்த பச்சடியில் என்னென்ன சுவை என்று அவரே பிள்ளைகளிடம் கேட்கட்டும். பஞ்சாங்கத்தைப் பேத்தியிடம் கொடுத்து ஒவ்வொரு தமிழ் மாதத்துக்கும் எத்தனை நாள் என்று எண்ணச் சொல்லுங்கள். ஆனிக்கு 31 அல்லது 32 நாள் இருக்கும், மார்கழிக்கு 29 அல்லது 30தான். பூமி சூரியனிலிருந்து தள்ளிப் போகிற ஜூலையை ஒட்டி மெதுவாக நகர்கிறது, கிட்டே வருகிற ஜனவரியை ஒட்டி வேகமாக நகர்கிறது. அதனால்தான் இந்த வித்தியாசம். பாட்டி எண்ணிக் காட்டுவதும் நீங்கள் காரணம் சொல்வதும் ஒரே திண்ணையில் நடக்கட்டும். "இதுகள் சும்மா இருக்கின்றன" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு அந்தப் படிப்பில் இடம் இல்லையே என்ற குறையில்தான் சொல்கிறார்கள். உங்கள் மாமியாருக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

வருஷப்பிறப்பு முடிந்து இரண்டொரு நாளில் உங்கள் ஊர்ப் பக்கம் இன்னொன்று நடக்கும். ஏப்ரல் 16ஐ ஒட்டி மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தாக நிற்கிற பொருளுக்கு அப்போது பக்கத்தில் நிழல் விழாது. மொட்டை மாடியில் ஒரு டம்ளரை வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறத்தாழ 12.17க்கு. நம் கடிகாரம் மதுரைக்குக் கிழக்கே, 82.5 பாகைத் தீர்க்கரேகையில் உள்ள நேரத்தைக் காட்டுகிறது. அதனால்தான் மதுரையில் உச்சிப்பொழுது கால் மணி தாமதம். சென்னையில் உறவினர் இருந்தால் ஏப்ரல் 24 வாக்கில் அவர்களையும் பார்க்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். இரண்டு ஊருக்கும் நாள் ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு ஓர் உலக உருண்டையும் டார்ச் லைட்டும் போதும்.

தெருவில் கிறிஸ்தவக் குடும்பம் இருந்தால், குருத்தோலை ஞாயிறுக்கு ஓலைச் சிலுவை பின்னும்போது உங்கள் பிள்ளைகளும் கூட உட்காரட்டும். விரல்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

ஆனால் சித்திரைத் திருவிழாவில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். அதைப் பாடமாக்காதீர்கள். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் பலருக்கு, நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன், எதையும் வீணாக்கக் கூடாது என்று ஒரு பதற்றம் இருக்கிறது. கள்ளழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்குக் கூட்டிப் போய்விட்டு, வீட்டுக்கு வந்ததும் "என்ன தெரிந்துகொண்டாய், பத்து வரி எழுது" என்று நோட்டை நீட்டினால் அடுத்த வருஷம் பிள்ளை வருவதற்கே யோசிக்கும். அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு, வழியில் பக்தர்கள் வரவேற்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று, தல்லாகுளம் வந்து சேர்வதற்குள் ஊரே விழித்திருக்கும். தோல் பையிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீர் முகத்தில் படுவதும், வைகை ஆற்றில் இறங்கும் அழகருக்கு இந்த வருஷம் என்ன நிறப் பட்டு என்று கூட்டத்தோடு கூட்டமாக எட்டிப் பார்ப்பதும், பச்சை என்று தெரிந்ததும் பெரியவர்கள் "நல்ல மழைதான்" என்று சொல்வதைக் கேட்பதும் அவர்களுக்கு உடம்போடு சேர வேண்டும். அழகர் சாபம் தீர்த்த மண்டூக முனிவர் கதையைப் பாட்டி மடியில் கேட்கட்டும். ஆற்றில் தண்ணீர் எங்கிருந்து வந்தது, போன வாரம் மணல்தானே இருந்தது என்று மகள் கேட்டால், அன்றைக்கு வைகை அணையைப் பற்றிப் பேசுங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

இனி அந்த மதிய வேளை. வெளியே தலை காட்ட முடியாத நேரம் அது. நடுக்கூடத்தில் பாய் விரித்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, நீங்களோ உங்கள் கணவரோ படியுங்கள். மகளுக்கு வாசிக்கத் தெரியுமே என்று நிறுத்திவிடாதீர்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் கேட்கிற சுகம் வேறு.

முதலில் டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்’. 1981இல் ஜப்பானிய மொழியில் வந்த இந்த நினைவுக்குறிப்பு தமிழிலும் கிடைக்கிறது. ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக வைத்திருந்த டோமோயி பள்ளியின் கதை. எந்தப் பாடத்தில் தொடங்குவது என்பதை அங்கே பிள்ளைகளே தீர்மானிப்பார்கள். 1945 குண்டுவீச்சில் அந்தப் பள்ளி எரிந்துபோகிறது. அந்த அத்தியாயத்தை நீங்கள் முன்கூட்டியே படித்துவையுங்கள், மகன் அழக்கூடும். ஒரு நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்றால் நிதானமாகப் போகும். இது உங்களுக்கான புத்தகமும்கூட. பிள்ளைக்குக் காது கொடுப்பது என்றால் என்ன என்று கோபயாஷி தலைமையாசிரியரிடம் பார்க்கலாம்.

அடுத்தது கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’. பறவை முட்டை தேடி அலையும் கரிசல்காட்டுச் சிறுவனின் கதை. உங்கள் வேப்பமரத்தடிப் பிள்ளைகளுக்கு அவன் உடனே சிநேகிதனாகிவிடுவான். அவருடைய நாட்டுப்புறக் கதைத் தொகுதிகளை மட்டும் அப்படியே கையில் கொடுக்காமல், நீங்கள் படித்துத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள். அவற்றில் பெரியவர்களுக்கான கதைகளும் உண்டு.

மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். காட்டையும் பறவைகளையும் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவரின் கட்டுரைகள் அவை. ராத்திரி ஒன்று படித்துவிட்டு மறுநாள் மரத்தடியில் பேச்சோடு பேச்சாகச் சொல்லலாம். மகனுக்கு அழ. வள்ளியப்பாவின் பாட்டுகள். அவற்றைக் கையைக் காலை ஆட்டிப் பாட வேண்டும், உட்கார வைத்துப் படிக்க வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு காலை நேரத்தை அங்கே கழியுங்கள், அவர்களே அலமாரியைத் துழாவட்டும்.

தெனாலிராமனைப் பிடுங்காதீர்கள். ஒரே கதையைத் திரும்பப் படிக்கும் பிள்ளை ஒவ்வொரு தடவையும் வேகமாகவும் நிச்சயமாகவும் படிக்கிறது. நாத்தனார் பிள்ளைகள் வந்ததும் மகளையே அவர்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏற்ற இறக்கத்தோடு, பாத்திரத்துக்கு ஒரு குரல் வைத்துப் படிப்பாள் பாருங்கள். அதன் பிறகு அவளே அடுத்த புத்தகத்தைக் கேட்பாள்.

கணக்கு மறந்துவிடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். திருவிழாவில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து, வாங்கியதையும் மிச்சத்தையும் அவர்களையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். மகளுக்கு வாய்ப்பாடு தடுமாறினால் காலையில் பத்து நிமிடம் சொல்லிப் பார்க்கட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

"நாளைக்குப் பத்தாவது எப்படி எழுதுவார்கள்?" என்பதுதான் மாமியாரின் உள்மனக் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தில் 14 வயது நிறைந்ததும் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். அங்கே ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை பொதுத்தேர்வு நடக்கிறது. உங்கள் மகளுக்கு இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் மாமியாரிடம் இதை விளக்கமாகச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளின் எதிர்காலத்தை நினைத்துப் பயப்படுகிறவரிடம் கோபித்துக்கொள்ள எதுவும் இல்லை.

வைகாசியில் அட்டவணையைத் திரும்ப எடுக்கும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தி எழுதுங்கள். மதிய வாசிப்பை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள். மகள் எந்தப் புத்தகத்தில் நின்றாள் என்று எனக்கு ஒரு வரி எழுதினால், அடுத்து என்ன கொடுக்கலாம் என்று சொல்கிறேன்.