இன்ஜின் மாற்றிய வண்டியில் ஏசி வயரிங்: டேஷ்போர்டு கேட்கட்டும், கணினி முடிவெடுக்கட்டும்

கேள்வி: என்னிடம் 1985-ஆம் ஆண்டின் செவ்ரோலே சி10 பிக்கப் இருக்கிறது. அதிலிருந்த கார்புரேட்டர் இன்ஜினை இறக்கிவிட்டு, 2001 சில்வராடோ ஒன்றிலிருந்து கழற்றிய 5.3 லிட்டர் வி8 இன்ஜினை, அதன் கணினியோடும் ஹார்னஸோடும் (வயர்க் கட்டு) ஏற்றினேன். ஓட்டத்தில் குறையில்லை. ஏசிக்கு மட்டும், டேஷ்போர்டிலிருந்து பழைய கம்ப்ரஸருக்குப் போன வயரையே நீட்டிப் புதிய கம்ப்ரஸருக்குக் கொடுத்தேன். ரேடியேட்டருக்கு இரண்டு மின்விசிறிகள். தண்ணீர் சூடானால் சுற்றும்படி தனி சுவிட்ச் வைத்திருக்கிறேன். குளிர்ச்சி வருகிறது. ஆனால் சிக்னலில் நிற்கும்போது கிளட்ச் சேர்ந்து கம்ப்ரஸர் சுற்றத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் குலுங்கி அணையப் பார்க்கிறது. போன வாரம் ஹூஸ்டனின் மாலை வெயிலில், அலுவலகத்தில் வண்டியை எடுத்து வாசல் வரிசையில் நின்ற சில நிமிடங்களிலேயே, கம்ப்ரஸர் பக்கமிருந்து சீறிக்கொண்டு கேஸ் வெளியேறிவிட்டது. முறையான வயரிங் எப்படி இருக்க வேண்டும்?

பதில்: உங்களுடைய இரண்டு தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான். 1985-இல் அந்த வண்டியில் டேஷ்போர்டு சுவிட்ச் நேரடியாகவே கம்ப்ரஸரை இயக்கியது. அது அன்றைக்குச் சரியாகவும் இருந்தது. ஏனென்றால் விசிறி பெல்ட்டில் சுற்றியது, இன்ஜின் ஓடும் வரை கண்டென்சருக்கு (கேஸின் சூட்டை வெளியேற்றும் காயில்) காற்று கிடைத்துக்கொண்டே இருந்தது. ஏசி போட்டவுடன் ஐட்லிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம்) இறங்கிவிடாமல் இருக்க, கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு சிறிய சோலனாய்டு த்ராட்டிலை (காற்று நுழையும் மடல்) சற்றே தூக்கிப் பிடிப்பதும் அக்கால வழக்கம். இந்த இரண்டு ஏற்பாடுகளும் பழைய இன்ஜினோடு சேர்ந்து இறங்கிப்போய்விட்டன. வயர் மட்டும் தங்கிவிட்டது. தண்ணீர் சூடேறுவதற்கு முன்பே ஏசி முழு வேகத்தில் ஓடியதும், அந்த நேரத்தில் விசிறி நின்றுகொண்டிருந்ததும்தான் கேஸ் சீறியதற்குக் காரணம். கண்டென்சருக்குக் காற்று இல்லாமல் அழுத்தம் எல்லை மீறியதும், கேஸை வெளியே விட்டுக் காக்கும் ரிலீஃப் வால்வு கம்ப்ரஸரில் தன் வேலையைச் செய்திருக்கிறது. அதன் மேல் குற்றமில்லை.

நீங்கள் ஏற்றியிருக்கும் இன்ஜினின் கணினி, அதாவது பிசிஎம், இந்த இரண்டு வேலைகளையும் செய்யத் தெரிந்தது. அதனிடம் ஏசி போடச் சொல்லிக் கோரிக்கை வந்தால், உடனே கிளட்சைச் சேர்த்துவிடாது. தண்ணீரின் சூடு, இன்ஜின் சுற்று, த்ராட்டிலின் நிலை ஆகியவற்றைப் பார்த்து, ஐட்லிங் காற்று வால்வை முன்கூட்டியே சில படிகள் திறந்து வைத்துவிட்டு, அதன் பிறகே கிளட்சுக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயை இயக்கும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் நடந்து முடிந்துவிடுவதால் ஓட்டுபவருக்குத் தெரியாது. இப்போது உங்கள் வண்டியில் கணினிக்குச் செய்தியே போவதில்லை. சுமை விழுந்து, சுற்று இறங்கி, அதைக் கண்ட பிறகு அது பதறி வால்வைத் திறக்கிறது. நீங்கள் உணரும் குலுங்கல் அந்தத் தாமதம்தான். ஐட்லிங் வேகத்தை உயர்த்திவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது நோயை மறைக்குமே தவிர, தீர்க்காது.

ஆகவே முதல் வேலை, டேஷ்போர்டிலிருந்து வரும் வயரைக் கம்ப்ரஸரிலிருந்து பிரித்தெடுத்துக் ஏசி கோரிக்கைக்கென்று கணினியின் கனெக்டரில் உள்ள பின்னுக்கு (முனைக்கு) கொண்டுபோவது. பின் எண்ணை நான் வேண்டுமென்றேதான் இங்கே தரவில்லை. உங்கள் 2001 கணினியின் இரண்டு கனெக்டர்களும் நீலமும் சிவப்புமாக இருக்கும். 2003 முதல் வந்தவற்றில் நீலமும் பச்சையும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இந்த இரு தலைமுறைகளிலும் சில பின்களின் வேலை இடம் மாறியிருக்கிறது. எனவே உங்கள் வண்டியின் ஆண்டுக்கும் மாடலுக்கும் உரிய சர்க்யூட் வரைபடத்தை மட்டுமே நம்புங்கள். கோரிக்கை 12 வோல்ட்டாக வர வேண்டுமா, எர்த்தாக வர வேண்டுமா என்பதையும் அந்த வரைபடத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். பிந்தைய தலைமுறை இன்ஜின்கள் சிலவற்றில் இந்தக் கோரிக்கை தனி வயரில் வராமல் மற்றக் கணினிகளிடமிருந்து தகவல் வழியே வரும். அவற்றுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

பிரஷர் சுவிட்ச் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், நானும் ஒருமுறை தவறியிருக்கிறேன். உங்கள் சி10-இன் அமைப்பில், அக்யுமுலேட்டரின் (கூலிங் காயிலுக்கும் கம்ப்ரஸருக்கும் இடையிலுள்ள உருளை) மேல் ஒரு பிரஷர் சுவிட்ச் திருகப்பட்டிருக்கும். தாழ்ந்த பக்கத்து, அதாவது கம்ப்ரஸருக்குள் கேஸ் நுழையும் பக்கத்து, அழுத்தம் ஏறத்தாழ 25 பிஎஸ்ஐக்கு (அழுத்த அலகு) இறங்கினால் அது திறந்து மின்சாரத்தைத் துண்டிக்கும், 45-ஐ நெருங்கினால் மீண்டும் மூடி இணைக்கும். கூலிங் காயில் பனிக்கட்டி பிடிக்காமல் காப்பது இந்த ஏற்றயிறக்கம்தான்; கேஸ் தீர்ந்துபோனால் கம்ப்ரஸர் எண்ணெயின்றிச் சுற்றித் தேய்ந்துபோகாமல் காப்பதும் அதே சுவிட்ச். இதைக் கணினியின் கோரிக்கை வயரில்தான் தொடராக வைக்க வேண்டும். மாறாக, ரிலேக்கும் கிளட்சுக்கும் இடையில் வைத்தால் என்ன ஆகும்? சுவிட்ச் திறந்ததும் கம்ப்ரஸர் நின்றுவிடும், ஆனால் கணினிக்கு அது தெரியாது. அதன் கணக்கில் கம்ப்ரஸர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சுமைக்காகத் திறந்து வைத்த வால்வு திறந்தே இருக்க, சுற்று மேலே ஏறும். அடுத்த முறை சுவிட்ச் மூடும்போது, முன்னறிவிப்பே இல்லாமல் சுமை விழும். நான் ஒரு வண்டியில் அரை நாள் முழுவதும் ஐட்லிங் அட்டவணையைத் திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் பானட்டைத் திறந்து வயரைத் தொடர்ந்துபோனபோது, இந்தச் சுவிட்ச் கிளட்சின் வாசலில் உட்கார்ந்திருந்தது. இரண்டு வயரை மாற்றியதும் எல்லாம் அடங்கிவிட்டது.

உயர்ந்த பக்கத்துக்கு, அதாவது கம்ப்ரஸரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கத்துக்கு, ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் வேண்டும். ஏறத்தாழ 400 பிஎஸ்ஐயில் திறக்கும் வகை எளிதாகக் கிடைக்கிறது. அதையும் கோரிக்கை வயரிலேயே, முதல் சுவிட்சோடு தொடராக வையுங்கள். டேஷ்போர்டு, தாழ் அழுத்தச் சுவிட்ச், உயர் அழுத்தச் சுவிட்ச், பிறகு கணினி: முதல் மூன்று சுவிட்சுகளும் மூடியிருந்தால்தான் கோரிக்கை கணினிக்குப் போய்ச் சேரும். பழைய தெர்மோஸ்டாட் வகைக் கட்டுப்பாடுள்ள வெளி நிறுவனத்து ஏசி கிட்டைப் பொருத்தியவர்கள், அக்யுமுலேட்டர் சுவிட்சின் இடத்தில் அந்தத் தெர்மோஸ்டாட்டை நினைத்துக்கொள்ளலாம், இடம் அதேதான்.

அடுத்தது ரிலே. ஜெனரல் மோட்டார்ஸின் இந்தக் கணினி கம்ப்ரஸர் ரிலேக்கு 12 வோல்ட்டை அனுப்புவதில்லை. ரிலே காயிலின் ஒரு முனையை எர்த் செய்கிறது. இதை அறியாமல், கணினியின் வயரை நேராகக் கிளட்சுக்குக் கொடுத்தவர்களும் உண்டு. மூன்று, நான்கு ஆம்பியர் இழுக்கும் கிளட்சை ஓட்ட அந்தக் கணினி வடிவமைக்கப்படவில்லை. ஆகையால் ரிலேயின் 86-ஆம் முனைக்குச் சாவி போட்டால் வரும் 12 வோல்ட், 85-க்குக் கணினியின் கட்டுப்பாட்டு வயர், 30-க்கு 10 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாகப் பேட்டரி, 87-இலிருந்து கிளட்ச் என்று கொடுங்கள். உள்ளே டயோடு வைத்த ரிலேயாக இருந்தால் 85-ஐயும் 86-ஐயும் மாற்றிக் கொடுக்கக் கூடாது.

டயோடு என்று சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கிளட்ச் காயில் விடுபடும் நொடியில் எதிர்த்திசையில் பல மடங்கு வோல்ட் துள்ளிக் கிளம்பும். தொழிற்சாலை ஹார்னஸில் கிளட்ச் கனெக்டருக்குப் பக்கத்தில் டேப் சுற்றிய ஒரு சிறு தடிப்பு இருக்கும். அதற்குள் இருப்பது இந்தத் துள்ளலை விழுங்கும் டயோடு. ஹார்னஸை வெட்டிச் சுருக்கும்போது, “இது என்னத்துக்கு” என்று அதையும் வெட்டிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். உங்களுடையது போயிருந்தால், 3 ஆம்பியர் டயோடு ஒன்றைக் கிளட்சின் இரு வயர்களுக்கும் குறுக்கே, வெள்ளி வளையம் உள்ள முனை நேர்மின் பக்கம் இருக்குமாறு வையுங்கள். திருப்பி வைத்தால் ஏசி போட்டவுடன் ஃப்யூஸ் போய்விடும். வைக்காமலே விட்டால் ரிலேயின் தொடுமுனைகள் நாளடைவில் கருகும்.

இனி விசிறிகள். 2001 சில்வராடோவில் பெல்ட் விசிறிதான் இருந்தது. எனவே அந்தக் கணினிக்குள் மின்விசிறிக் கட்டுப்பாடு தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்புவது மென்பொருள் வேலை, வெளியே இரண்டு பின்களைச் சேர்ப்பது வயரிங் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் விசிறி சுற்றும். விசிறி ரிலேக்களையும் கணினி எர்த் செய்தே இயக்கும். விசிறி ஒன்றுக்கு ஒரு 40 ஆம்பியர் ரிலேயும் தனி ஃப்யூஸும் தடித்த வயரும் வேண்டும். எர்த் வயரை ரேடியேட்டர் சட்டத்தின் துருப்பிடித்த போல்ட்டில் மாட்டாமல், பேட்டரி எர்த்துக்கே கொண்டுபோங்கள். இப்போது வைத்திருக்கும் தனி வெப்ப சுவிட்சைக் கழற்றிவிடலாம். அதைக் கணினியின் விசிறி வயரோடு இணைத்து, இரண்டில் எது எர்த் செய்தாலும் சுற்றட்டும் என்று விட நினைப்பீர்கள். ஆனால் தான் கட்டளையிடாத நேரத்தில் அந்த வயர் எர்த் ஆவதைக் கண்டு கணினி பி0480 என்ற கோளாறுக் குறியீட்டை எழுப்ப வாய்ப்புண்டு.

மென்பொருள் வேலைக்கு எச்பி டியூனர்ஸ், இஎஃப்ஐ லைவ் போன்றவற்றைத்தான் இத்தொழிலில் இருப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். கணினியின் மென்பொருளைத் திருத்தித் தரும் டியூனரிடம் “ஏசியைப் போட்டுவிடுங்கள்” என்று மட்டும் சொல்லாமல், உங்கள் வயரிங் எப்படி இருக்கிறது என்பதை எழுதிக் கொடுங்கள். ஏசி இருப்பதாகவும், அதன் கோரிக்கை வயரில் வருவதாகவும் பதிய வேண்டும்; இரண்டு விசிறிகளும் இயக்கப்பட வேண்டும்; கோரிக்கை ஏற்கப்பட்டவுடன், தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும், குறைந்தது ஒரு விசிறியாவது சுற்ற வேண்டும். கேஸ் சீறிய நாளில் உங்களுக்கு இல்லாமற்போனது இந்தக் கடைசி வரிதான். எவ்வளவு தண்ணீர் சூட்டில் விசிறி சுற்ற வேண்டும் என்ற அளவை, இன்ஜினின் தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்கு மேலே வையுங்கள். 86 டிகிரி செல்சியஸில் திறக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு 95-ஐ ஒட்டி நான் வைப்பது வழக்கம். அதற்குக் கீழே வைத்தால் விசிறி ஓய்வே எடுக்காது. முழு த்ராட்டிலில் கம்ப்ரஸரைச் சில நொடிகள் விடுவிக்கும் அமைப்பு ஏற்கெனவே இருக்கும். அதை அணைக்கச் சொல்லாதீர்கள்.

மூன்று வயர் கொண்ட அழுத்த சென்சார் வேண்டுமா என்று கேட்பீர்கள். இருந்தால் நல்லது: சுவிட்சுக்குத் திறப்பதும் மூடுவதும் மட்டுமே தெரியும், சென்சாரோ அழுத்தம் ஏற ஏறக் கணினிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், விசிறியும் அதற்கேற்ப இயங்கும். ஆனால் சென்சாரின் அளவுகோலும் கணினியில் பதிந்த அளவுகோலும் ஒத்துப்போக வேண்டும். சரிபார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. வண்டியை இரவு முழுவதும் நிழலில் நிறுத்தி வைத்து, காலையில் இன்ஜினை இயக்காமல் கணினியின் தகவலைக் காட்டும் ஸ்கேனரில் அழுத்தத்தைப் பாருங்கள். ஆர்134ஏ கேஸ் உள்ளே திரவமும் ஆவியுமாகச் சமநிலையில் இருக்கும். 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 82 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் 97. கேஜில் இந்த எண்ணும் ஸ்கேனரில் 200-உம் வந்தால், சென்சாரோ அளவுகோலோ தவறு. சென்சார் பொருத்தப்போவதில்லை என்றால், அது இல்லை என்றும் மென்பொருளில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் பி0530 வந்து, கம்ப்ரஸரைச் சேர்க்கவே கணினி மறுக்கும்.

எல்லாம் முடிந்ததும், கேஸ் ஏற்றுவதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் பாருங்கள். காலியான கம்ப்ரஸர் சுற்றக் கூடாது என்பதால் முதலில் கிளட்ச் கனெக்டரைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு சோதனை விளக்கை மாட்டுங்கள். கேஸ் இல்லாததால் தாழ் அழுத்தச் சுவிட்ச் திறந்தே இருக்கும். சோதனைக்காக மட்டும் அதன் கனெக்டரின் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். இன்ஜினை இயக்கி ஏசியைப் போட்டால், ஸ்கேனரில் கோரிக்கை “ஆம்” என்று மாற வேண்டும், சுற்று ஒரு கணம் மேலே எழும்பி அடங்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், விசிறி சுற்ற வேண்டும். கோரிக்கை மாறியும் விளக்கு எரியவில்லையென்றால், ரிலேயின் 85-ஆம் முனையைப் பாருங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் நேர்மின்னிலும் கறுப்பு முனையை 85-இலும் வைத்தால், கணினி எர்த் கொடுக்கும்போது 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும். காட்டாவிட்டால் வயரையும் பி0645 குறியீட்டையும் தேட வேண்டும். காட்டினால் குறை ரிலேயிலோ அதன் மற்ற வயர்களிலோ இருக்கிறது. துண்டு வயரை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

ரிலீஃப் வால்வு ஒருமுறை சீறிய கம்ப்ரஸரிலிருந்து எண்ணெயும் கொஞ்சம் போயிருக்கும். ஆகவே வெறும் கேஸை மட்டும் ஏற்றாமல், போன எண்ணெயைச் சேர்த்து, வால்வு மீண்டும் இறுக மூடியிருக்கிறதா என்பதை வாக்யூம் பிடித்து அரை மணி நேரமாவது நிறுத்திப் பாருங்கள். கேஜின் முள் ஏறினால் வால்வை மாற்றிவிடுங்கள். உங்கள் சி10 தொழிற்சாலையிலிருந்து ஆர்12 கேஸோடு வந்தது. பழைய கண்டென்சரோ கூலிங் காயிலோ இன்னும் இருந்தால், உள்ளே தங்கியிருக்கும் மினரல் எண்ணெயைக் கழுவி எடுக்காமல் ஆர்134ஏ ஏற்ற வேண்டாம். எஞ்சிய கேஸைக் காற்றில் திறந்துவிடுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். மீட்பு இயந்திரம் வைத்திருக்கும் கடையில் இந்த ஒரு வேலையை மட்டுமாவது கொடுத்துவிடுங்கள். எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள். முதல் நாள் மதிய வெயிலில் வண்டியைப் பத்து நிமிடம் ஐட்லிங்கில் நிறுத்தி, உயர் அழுத்தக் கேஜைப் பாருங்கள். விசிறிகள் சுற்றும்போதே முள் 300-ஐத் தாண்டிப் போனால், ஏசியை அணைத்துவிட்டுக் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்தினைப் பாருங்கள். அங்கே இடைவெளி விட்டிருந்தால், விசிறி கண்டென்சரின் வழியே காற்றை இழுக்காமல், பக்கவாட்டுச் சந்தின் வழியே சூடான காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். ஓரங்களை ஃபோம் பட்டையால் அடைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள்.