சுடுநீர் வரத் தாமதமா? ஹீட்டரைக் குறை சொல்லும் முன்

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். காலையில் மாடிக் குளியலறையில் சுடுநீர் வர மூன்று நிமிடம் ஆகிறது. அதே இடத்தில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெதுவெதுவென்று வருகிறது. ஹீட்டரை மாற்ற வேண்டுமா என்கிறீர்கள். வேண்டாம். ஹீட்டருக்குப் பக்கத்துக் குழாயில் சுடுநீர் உடனே வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் அதன் மேல் என்ன தப்பு?

பார்க்க வேண்டியது சுடுநீரைச் சுற்றவிடும் அமைப்பை. ஹீட்டரின் தலைமாட்டில் இருக்கும் சின்ன பம்ப், குழாயில் தேங்கி ஆறிப்போன தண்ணீரைத் திரும்ப ஹீட்டருக்கே அனுப்பும், அதனால்தான் தூரத்துக் குழாயிலும் சுடுநீர் சீக்கிரம் வரும். சில வீடுகளில் இதற்கென்று தனித் திரும்புகுழாய் உண்டு. இல்லாத வீடுகளில், கடைசிக் குளியலறையின் வாஷ்பேசினுக்கு அடியில் சுடுநீர், பச்சைத் தண்ணீர் இரண்டையும் இணைத்து ஒரு வால்வு வைத்து, பச்சைத் தண்ணீர்க் குழாய் வழியாகவே திருப்பிவிடுவார்கள். நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை.

முதலில் பம்ப்பில் இருக்கும் டைமரைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் வந்த முதல் குளிர்காலம் முழுக்க நடுங்கிக்கொண்டே குளித்தேன், இந்த நாட்டில் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டு. கடைசியில் பார்த்தால் டைமர் 12 மணி நேரம் பிசகியிருந்தது. ராத்திரி முழுக்க யாருக்கோ சுற்றிவிட்டு, நான் எழும் நேரத்தில் பம்ப் தூங்கப் போயிருக்கிறது! சுழல்வட்டு டைமர் என்றால் கரண்ட் போகும்போதெல்லாம் அங்கேயே நின்றுவிடும், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைக்கும் நாளிலும் அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

டைமர் சரியாக இருந்தால், பம்ப் ஓட வேண்டிய நேரத்தில் அதன் மேல் கை வைத்துப் பாருங்கள். லேசான அதிர்வு இருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பம்ப்பிலும் கைப்பிடியைக் காதருகிலும் வைத்துக் கேளுங்கள். பம்ப்புக்குக் கரண்ட் வருகிறது, ஆனால் அதிர்வே இல்லை என்றால் உள்ளே சுழலும் ரோட்டர் உப்புப் படிந்து இறுகியிருக்கலாம். கரண்டை நிறுத்தி, இரு பக்க வால்வுகளையும் மூடிய பிறகுதான் கழற்ற வேண்டும். களகளவென்று சத்தம் வந்தால் காற்று அடைத்திருக்கிறது, கடைசிக் குளியலறையின் சுடுநீர்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக ஓடவிடுங்கள், பெரும்பாலும் சரியாகும்.

இனி அந்த வெதுவெதுப்பு. இணைப்பு வால்வுக்குள் சூட்டில் விரியும் ஒரு துண்டு இருக்கிறது, தண்ணீர் 35-லிருந்து 40 டிகிரி செல்சியஸை எட்டியதும் அது வழியை மூடிவிடும். அதனால் முதல் சில விநாடிகள் பச்சைத் தண்ணீர் இளஞ்சூடாக வருவது கோளாறு இல்லை, இந்த அமைப்பே அப்படித்தான். நிமிடக்கணக்கில் வந்தால், அல்லது கை பொறுக்காத சூடாக வந்தால், உப்போ மணலோ சிக்கி வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது என்று அர்த்தம். பேசினுக்கு அடியில் தண்ணீரை நிறுத்தும் இரண்டு வால்வுகளையும் மூடி, இணைப்பு வால்வைக் கழற்றி, சல்லடையைக் கழுவி, வினிகரில் சில மணி நேரம் ஊறவிட்டு மாட்டிப் பாருங்கள். அப்படியும் மூடவில்லையா, புது வால்வுதான். என் அனுபவத்தில் பம்ப்பைவிட இந்த வால்வுதான் அடிக்கடி மக்கர் செய்கிறது.

ஒரு குறுக்குச் சோதனையும் இருக்கிறது. பேசினுக்கு அடியில் இருக்கும் அந்த இரண்டு வால்வுகளையும் மூடிவைத்துவிட்டு, ஹீட்டருக்குள் பச்சைத் தண்ணீர் போகும் வால்வையும் மூடி, வேறொரு சுடுநீர்க் குழாயைத் திறங்கள். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் எங்கோ ஒரு ஷவர் மிக்ஸரின் உள்துண்டு தேய்ந்து இரண்டு தண்ணீரும் கலக்கின்றன. பம்ப்பை மாற்றினாலும் அது தீராது. சோதித்து முடிக்கும்வரை ஹீட்டரை அணைத்துவையுங்கள்.

பம்ப்பையே மாற்ற வேண்டி வந்தால் வெண்கலமோ துருப்பிடிக்காத எஃகோ கேட்டு வாங்குங்கள். எனக்கு ஒருவர் வார்ப்பிரும்புப் பம்ப்பை மாட்டிவிட்டுப் போய், அப்புறம் குழாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. வார்ப்பிரும்புப் பம்ப் மூடிய சுற்றில் ஓடும் அறைச் சூடாக்கிக்கு உரியது, குளிக்கும் தண்ணீருக்கு ஆகாது.

வாடகை வீடு என்றால் டைமரைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள், வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். டைமரைப் பார்த்துவிட்டு, இப்போது அதில் என்ன மணி காட்டுகிறது என்று எழுதுங்கள்.