கிருமிநாசினி சோப்பு அவசியமா?

கேள்வி: வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால் 'கிருமிகளைக் கொல்லும்' சோப்பையே வாங்குகிறோம். சாதா சோப்பு போதாதா? தரை துடைக்கும் திரவத்தால் செப்டிக் டேங்க் கெடும் என்கிறார்களே, உண்மையா? – ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: சாதா சோப்பே போதும். சோப்பு கிருமியைக் கொல்ல வேண்டியதில்லை. அழுக்கோடு பெயர்த்துத் தண்ணீரில் அனுப்பினால் சரி. 20 விநாடி, நகக்கண் வரை தேய்க்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது அங்கேதான். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-ல் ட்ரைக்ளோசான், ட்ரைக்ளோகார்பன் உள்ளிட்ட 19 கிருமிநாசினிப் பொருள்களைக் கை, உடல் கழுவும் சோப்புகளில் தடை செய்தது. சாதா சோப்பைவிட மேலானவை என்று தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை.

ட்ரைக்ளோசான், பாக்டீரியா கொழுப்பு அமிலம் தயாரிக்க உதவும் நொதி ஒன்றை முடக்குகிறது. காசநோய் மருந்தான ஐசோநியாசிட் தாக்குவதும் அதே வகை நொதியைத்தான். மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகுமோ என்ற கவலை அதனால்தான். ட்ரைக்ளோசான் சாக்கடை வழியே ஏரிக்குப் போனால் முதலில் அடிபடுவது பாசி.

தரைத் திரவப் பாட்டிலின் லேபிளில் 'பென்சால்கோனியம் குளோரைடு' என்ற கிருமிநாசினி இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும், மூடியால் அளந்து வாளித் தண்ணீரில் கலந்தால் டேங்குக்குப் பெரிய பாதிப்பில்லை. கழிவறையில் பாட்டிலையே கவிழ்த்தால் கழிவைச் செரிக்கும் பாக்டீரியா சாகும். கசடு சீக்கிரம் சேரும், நாற்றம் கிளம்பும். தரை காய்ந்ததும் வெறும் தண்ணீரால் இன்னொரு முறை துடைத்துவிட்டுக் குழந்தையை இறக்கிவிடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.