தோள் கட்டியும் மரத்துப்போகும் ஊசியும்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் அப்பச்சிக்கு வயது 66. வலது தோளுக்குப் பின்புறம் எலுமிச்சம்பழ அளவில் பல வருடங்களாக ஒரு கட்டி இருக்கிறது. ஊசி போட்டு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விழித்திருக்கும்போதே அறுப்பார்களா என்று அப்பச்சி பயப்படுகிறார். சர்க்கரை நோய் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பது அவர் வழக்கம். எப்போது செய்துகொள்ளலாம்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: உங்கள் அப்பச்சியின் பயம் நியாயமானதுதான். ஆனால் அவர் அஞ்சுகிற இடத்தில் வலி இருக்காது. வலி என்பது பெரும்பாலும் ஊசி ஏறும் முதல் சில நொடிகளோடு முடிந்துவிடும். லிக்னோகெய்ன் என்ற அந்த மருந்து சற்று அமிலத்தன்மை உடையது என்பதால் உள்ளே இறங்கும்போது சுரீரென்று எரியும். மெதுவாகச் செலுத்தினால் எரிச்சல் குறையும். சில நிமிடங்களில் அந்த இடம் மரத்துப்போகும். அதன்பின் முனை கூர்மையான இடுக்கியால் கிள்ளிப் பார்த்து, வலியில்லை என்று அவரே சொன்ன பிறகுதான் கத்தி வைப்பார்கள். தொடுவதும் அழுத்துவதும் இழுப்பதும் நன்றாகவே தெரியும். இதை முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர், மருந்து வேலை செய்யவில்லையோ என்று மேசையில் பதறிப்போகிறார்கள். நடுவில் எங்காவது உண்மையிலேயே வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. வாய்விட்டுச் சொன்னால் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள்.

ஊரில் எல்லாவற்றையும் கொழுப்புக் கட்டி என்றே சொல்கிறோம். ஆனால் நடுவில் சிறு கரும்புள்ளியோடு, தோலோடு ஒட்டி இருந்தால் அது பெரும்பாலும் பைபோன்ற உறையுள்ள கட்டியாக இருக்கும். அந்த உறையை முழுதாக எடுக்க வேண்டும்; துணுக்கு விட்டுப்போனாலும் மறுபடி வளரக்கூடும். கரும்புள்ளியையும் சேர்த்துக் கண் வடிவில் தோலை வெட்டி எடுப்பதால் தழும்பு நீங்கள் நினைப்பதைவிட நீளமாக இருக்கலாம். ரத்தக்கசிவை நிறுத்த மின்சூட்டுக் கருவியைத் தொடும்போது முடி பொசுங்கியதுபோல் ஒரு வாடை வரும். அதற்கும் அவர் பயப்பட வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாதாரணமாக அரை மணி நேர வேலை இது.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். இத்தகைய சிறு அறுவைக்கு அதைப் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. ரத்தம் சற்றுக் கூடுதலாகக் கசிந்தால் அழுத்தி நிறுத்திவிடலாம், ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவர் சொல்லும் ரத்தப் பரிசோதனையைச் செய்துகொண்டு போக வேண்டும். முழு மயக்கம் கொடுப்பதில்லை என்பதால் பட்டினி வேண்டாம். வழக்கம்போல் இட்லி சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு போகட்டும். சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் அதைக் குறைத்த பிறகு செய்வதே நல்லது. இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும், சீழும் பிடிக்கும்.

மரப்பு ஒன்றிரண்டு மணி நேரத்தில் விலகும். அட்ரினலின் கலந்த ஊசியானால் இன்னும் சற்று நேரம் நீடிக்கும். விலகுவதற்கு முன்பே பாராசிட்டமால் போட்டுக்கொண்டால் போதும். அவருக்கு இதய நோய் இருப்பதால் புரூஃபென் வகை வலி மாத்திரைகள் வேண்டாம். காயத்தின் மேல் போட்ட கட்டுத்துணியில் ரத்தம் ஊறினால் சுத்தமான துணியால் கால் மணி நேரம் விடாமல் அழுத்துங்கள், இடையிடையே எடுத்துப் பார்க்காதீர்கள். இரண்டு நாள் தண்ணீர் படக் கூடாது. தையல் பிரிக்கும் வரை எண்ணெய்க் குளியலும் மஞ்சள் பற்றும் வேண்டாம். கத்தரிக்காய், முட்டை, கோழி எல்லாம் விலக்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். புண் ஆறப் புரதம் தேவை என்பதால் அந்தப் பத்தியத்தை நான் ஏற்பதில்லை. காவடிக்கு விரதம் இருப்பவரானால் பருப்பும் பாலும் கூடுதலாகக் கொடுங்கள்.

முதுகுப்புறத் தையலை 10 முதல் 14 நாட்களில் பிரிப்பார்கள். ஆனால் தையல் பிரித்த அன்று அந்தத் தோலுக்குப் பழைய பலத்தில் சிறு பங்குதான் இருக்கும். பல வாரங்கள் கழித்தே அது தேறும். அந்தத் தோளில் காவடியை ஏற்றினால் தழும்பு அகலும், காயம் பிரியவும் கூடும். ஆகவே கார்த்திகை பிறந்ததும் செய்துகொண்டால் தைக்குள் தாராளமாக ஆறிவிடும். மார்கழி வந்துவிட்டதென்றால் பழனி போய்த் திரும்பிய பிறகு செய்யுங்கள்; வருடக்கணக்கில் இருந்த கட்டி இன்னும் இரண்டு மாதம் இருக்கட்டும். அதுவரை யாரும் அதைப் பிதுக்க வேண்டாம். சீழ் பிடித்துச் சிவந்துவிட்டால் மரத்துப்போகும் ஊசியும் அங்கே சரியாக வேலை செய்யாது, முழுதாக எடுக்கவும் முடியாது. கீறிச் சீழை வெளியேற்றிவிட்டு, ஆறிய பின் மறுபடி அறுக்க நேரும்.

கேள்வி: பல் பிடுங்க ஊசி போட்டபோது படபடவென்று வந்து மயங்கிவிட்டேன். இப்போது கழுத்தில் மரு எடுக்க வேண்டும். அந்த ஊசி எனக்கு ஒத்துக்கொள்ளாதா?
– வாசகர், காரைக்குடி

பதில்: லிக்னோகெய்னுக்கு உண்மையான அலர்ஜி மிக மிக அரிது. படபடப்பு ஊசியில் கலந்த அட்ரினலினால் வந்திருக்கலாம், சில நிமிடங்களில் அடங்கிவிடும். மயக்கம் பெரும்பாலும் பயத்தில் ரத்த அழுத்தம் இறங்குவதால் வருவது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள், படுத்த நிலையிலேயே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அன்று உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் ஏதாவது இருந்திருந்தால் மட்டும் கதை வேறு; அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மனைவிக்குக் காலில் இருந்த மச்சத்தை எடுத்தார்கள். அதைச் சதைச் சோதனைக்கு அனுப்பத் தனிப் பணம் கேட்கிறார்கள். அவசியமா?
– வாசகர், புதுவயல்

பதில்: அவசியம். கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் மச்சத்திலும் புற்று அணுக்கள் மறைந்திருக்கலாம். எறிந்த சதையைத் திரும்பப் பெற முடியாது. சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றிய குப்பியில் பெயரும் எடுத்த இடமும் எழுதி ஒட்டியிருக்கிறார்களா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தையல் பிரிக்கப் போகும் அன்று அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். வரவில்லையென்றால் எப்போது வரும் என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.