இரத்தம் கேட்கிறாரா கடவுள்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

பைபிளில் லேவியராகமம் என்ற புத்தகத்தை வாசிக்க ஆரம்பித்தேன். முதல் நான்கு அதிகாரத்துக்கு மேல் போக முடியவில்லை. ஆடு, மாடு, கொழுப்பு, இரத்தம். அன்பே கடவுள் என்று சொல்லும் மதத்தில் இதெல்லாம் எதற்கு? கடைசியில் சொந்த மகனையே பலி வாங்கித்தான் அவர் கோபம் தணிந்தது என்றால் எனக்குப் பயம்தான் வருகிறது, அன்பு வரவில்லை. இன்னொன்று. காணிக்கை கொடுத்தால் பாவம் தீரும் என்று எங்கள் வீட்டில் நம்புகிறார்கள். அதுவும் பலிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எனக்கும் பல வருடம் அந்தப் பயம் இருந்தது. சின்ன வயதில் நான் கேட்ட பிரசங்கங்களில் கடவுள் கடன் வசூலிக்க வந்தவர் போலவே இருப்பார். யாராவது கட்டியாக வேண்டும், மகன் கட்டிவிட்டார், கணக்கு தீர்ந்தது. அந்த நினைப்போடு லேவியராகமத்தைத் திறந்தால் இரத்தம் மட்டும்தான் கண்ணில் படும்.

நீங்கள் ஐந்தாம் அதிகாரத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டதுதான் எனக்கு வருத்தம். பாவநிவாரண பலிக்கு ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியில்லாதவன் இரண்டு புறா கொண்டுவரலாம் என்று அங்கே வருகிறது. அதற்கும் வழியில்லை என்றால் எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு, சுமார் 2 லிட்டர் அளவு, எண்ணெய்கூட ஊற்ற வேண்டாம். அதில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. ஆனாலும் அதற்கும் பாவநிவாரண பலி என்றுதான் பெயர், அவனுக்கும் அதே மன்னிப்புதான். இரத்தத்துக்காகக் காத்திருக்கிற கடவுள் மாவை வாங்கிக்கொள்வாரா? (குழந்தை இயேசுவோடு எருசலேமுக்குப் போன மரியாளும் யோசேப்பும் பிரசவத்துக்குப் பின் செலுத்தியதும் ஏழைகளுக்கான புறாக் காணிக்கையைத்தான் என்று லூக்கா எழுதுகிறார்.)

பலி, காணிக்கை எல்லாவற்றுக்கும் எபிரேயத்தில் பொதுவாக உள்ள சொல் 'கொர்பான்'. 'கிட்டே வருவது' என்ற வேரிலிருந்து வந்தது. விலகிப் போனவன் திரும்ப வருவதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். கடவுளுக்குச் சாப்பாடு போடுகிறோம் என்று யாராவது நினைத்தால் 50-ஆம் சங்கீதம் அதை நேராகவே மறுக்கிறது. எனக்குப் பசித்தால் உன்னிடமா சொல்வேன் என்று கடவுளே கேட்கிறார்.

இரத்தத்தை நான் பூசி மெழுகவில்லை. மிருகத்தைக் கொண்டுவந்தவன் அதன் தலைமேல் கை வைக்க வேண்டும், அப்புறம் தகனபலிக் (முழுவதும் எரிக்கப்படும் பலி) காளையை அவனேதான் கொல்ல வேண்டும், பலிபீடத்தில் பணிசெய்யும் ஆசாரியர் அவனுக்காகச் செய்வதில்லை. தன் மந்தையில் பழுதில்லாத ஒன்று. உள்ளங்கைக்கு அடியில் அதன் சூடு, அது மூச்சுவிடும்போது தலை அசைகிற அசைவு. என்னால் முறிந்துபோன உறவுக்கு ஓர் உயிரின் கனம் இருக்கிறது என்று சொல்லித் தெரிவதைவிடக் கையால் தெரிந்துகொள்வது வேறு. அந்த இரத்தத்தைப் பற்றி லேவியராகமம் 17-ஆம் அதிகாரத்தில் கடவுள் சொல்வதைப் பாருங்கள்: உயிர் இரத்தத்தில் இருக்கிறது, பலிபீடத்துக்காக அதை உங்களுக்குக் கொடுத்தது நான். கொடுப்பவர் அவர்.

சிலுவையையும் அங்கிருந்துதான் நான் வாசிக்கிறேன். கோபமாக ஒரு தந்தை இந்தப் பக்கம், அடி வாங்கும் மகன் அந்தப் பக்கம் என்று இரண்டாகப் பிரித்தால் நீங்கள் சொல்வது போலப் பயங்கரமாகத்தான் இருக்கும். கடவுளின் கோபம் என்ற பேச்சே வேதத்தில் இல்லை என்று சொல்லமாட்டேன், இருக்கிறது. ஆனால் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கியது கடவுளேதான் என்கிறார் பவுல். என் உயிரை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை, நானே கொடுக்கிறேன் என்கிறார் இயேசு. காளைகளின் இரத்தத்தால் பாவத்தை நீக்க முடியாது என்று எபிரெயருக்கு எழுதிய நிருபம் துணிந்து சொல்கிறது. விலகிப்போனவனால் முழுசாகக் கிட்டே வர முடியாததால் அவரே கிட்டே வந்துவிட்டார். கடன் கணக்கு மாதிரியான விளக்கம் 1098-இல் கான்டர்பரி பேராயர் அன்செல்ம் எழுதி முடித்த நூலில் விரிவாக வருகிறது. அவரை நான் மதிக்கிறேன், ஆனால் அந்த ஒரு விளக்கத்துக்குள் எல்லாம் அடங்கிவிடாது.

காணிக்கை விஷயத்தில் உங்கள் வீட்டாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தில் அடுத்தவனை ஏமாற்றியவன், எடுத்ததை முழுசாகத் திருப்பி, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டுக்கடாவோடு வர வேண்டும். சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னாலேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதும் இதே வழிதான். நான் ஒருமுறை சபையில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எழுந்து நின்றுவிட்டு, பாதியில் வெளியே வந்து, இரண்டு வருடமாகப் பேசாமல் இருந்த அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் உடனே சமாதானமாகவில்லை, அதற்கு இன்னும் சில மாதம் ஆனது.

வீட்டில் இதைப் பேசப் போகிறீர்கள் என்றால் மாற்கு 7-ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியை 'கொர்பான்' என்று கடவுள் பேரில் எழுதிவைத்துத் தட்டிக்கழித்தவர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். லேவியராகமத்தையும் விட்டுவிடாதீர்கள், ஐந்தாம் அதிகாரத்திலிருந்து தொடருங்கள்.