வேகம் இருக்கிறது, குறிதான் இல்லை

கேள்வி: அமெரிக்க பேஸ்பால் பார்க்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. சில இளம் இடது கை பிட்சர்கள் மின்னல் வேகத்தில் வீசுகிறார்கள், ஆனால் நாலு பந்து வெளியே போய் எதிராளி சும்மா முதல் பேஸுக்கு நடந்துவிடுகிறார். இவர்களை அணிகள் ஏன் வருடக்கணக்கில் வைத்திருக்கின்றன? எதைப் பார்த்து எடைபோடுகிறார்கள்?
(வாசகர், கோவை)

பதில்: எனக்கு உடனே நினைவுக்கு வருகிறவர் ராண்டி ஜான்சன். 6 அடி 10 அங்குல உயரம், இடது கை. 1991-இல் சியாட்டில் மரைனர்ஸ் அணிக்காக 201 இன்னிங்ஸ் (எதிரணியில் மூன்று பேர் அவுட் ஆகும் வரை ஒரு இன்னிங்ஸ்) வீசி 152 பேரை நடக்கவிட்டார், இதைத்தான் 'வாக்' என்பார்கள். மறுவருடமும் அமெரிக்கன் லீகில் அதிக வாக் கொடுத்தவர் அவர்தான். அந்த 1992-இல் பிட்சர் நோலன் ரயனும் பந்துவீச்சுப் பயிற்சியாளர் டாம் ஹவுஸும் (இருவருமே எதிரணியான டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் ஆட்கள்!) ஒன்றைக் கவனித்துச் சொன்னார்கள்: வீசும்போது ஜான்சனின் முன்கால் குதிகாலில் இறங்குகிறது, அதனால்தான் உடம்பு ஹோம் பிளேட்டை (பேட்டர் நிற்கும் இடம்) நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் விலகுகிறது. ஜான்சன் முன்பாதத்தில் ஊன்றப் பழகினார். 1993-இல் 255 இன்னிங்ஸுக்கு 99 வாக், 308 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது).

அதனால் நான் வாக் எத்தனை என்று எண்ணுவதை விட, பந்து எப்படித் தவறுகிறது என்றுதான் பார்ப்பேன். எப்போதும் ஒரே பக்கம், ஒரே உயரத்தில் தவறினால் சந்தோஷம், பிழை ஒன்றுதான், கண்டுபிடித்துவிடலாம். ஒன்று தலைக்கு மேலே, அடுத்தது மண்ணில், அதற்கடுத்தது பேட்டரின் முதுகுப் பக்கம் என்று போனால் பந்தைக் கைவிடும் இடமே ஒவ்வொரு தடவையும் மாறுகிறது என்று அர்த்தம், அது நாள்பட்ட வேலை. உயரமான பையன்களுக்குக் கை கால் நீளம் அதிகம், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய உடம்பு கற்றுக்கொள்ளவே காலம் பிடிக்கும்.

அப்புறம், தடுமாறும்போது என்ன செய்கிறான்? இன்னும் பலமாக வீசுகிறானா? இடது கை பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ் அப்படித்தான் இருந்தார். 1955 முதல் ஆறு சீசனில் 36 வெற்றி, 40 தோல்வி. 1961 பயிற்சி முகாமில் கேட்சர் (பந்தைப் பிடிப்பவர்) நார்ம் ஷெர்ரி, கொஞ்சம் வேகத்தைக் குறைத்துப் பாரேன் என்றார். அந்த வருடம் 18 வெற்றி. 1965-இல் 335 இன்னிங்ஸில் வெறும் 71 வாக்.

எல்லாருக்கும் இப்படி வாய்க்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி, இவரும் இடது கை, 1960-இல் மைனர் லீகில் (மேஜர் லீகுக்குக் கீழ்நிலை லீக்) 170 இன்னிங்ஸில் 262 ஸ்ட்ரைக்அவுட், 262 வாக். 1962-இல் ஒருவழியாகக் குறி படியத் தொடங்கியது. 1963 வசந்தகால முகாமில் முழங்கை போய்விட்டது. மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட வீசவில்லை. இருந்தாலும் நான் அவருடைய அணி நிர்வாகத்தில் இருந்திருந்தால் 1960-இல் அவரைக் கைவிட்டிருக்க மாட்டேன்.